'லேசாத்தான்மா இருக்கும்' என்று சொன்னவள் எழுதுவது

மெப்ஸ் வளாகத்துத் தையல் கம்பெனிகளில் ஷிப்டு முடிந்து சானடோரியம் ஸ்டேஷனில் பெண்கள் பெட்டிக்குக் காத்திருக்கும் தங்கச்சிகளுக்கு,

போன மாதம் ஒரு சாயங்காலம், குரோம்பேட்டையில் மகள் வீட்டுக்குப் போய்விட்டு செங்கல்பட்டு வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தேன். சானடோரியத்தில் நீங்கள் ஏறியதும் பெட்டி நிறைந்துவிட்டது. என் முதுகுக்குப் பின்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"எங்க நாத்தனார் காப்பர் டி வச்சுக்கிட்டு மூணு மாசம் படாத பாடு பட்டுட்டாங்க."

"வைக்கும்போது வலிக்குமாக்கா?"

"லேசாத்தான்மா இருக்கும்னு நர்ஸ் சொன்னாங்களாம். இவங்க அலறின அலறல்ல வெளியில உக்காந்திருந்த ரெண்டு பேர் எழுந்து வீட்டுக்குப் போயிட்டாங்களாம்."

சிரித்தார்கள். பிறகு அந்தச் சின்னவள், கையில் சிவப்பு டிபன் கேரியர், குரலைத் தாழ்த்தி இன்னொன்று கேட்டாள்: "வச்சுட்டு மறுநாள் மெஷின்ல உக்காரலாமா? பெடல் மிதிச்சா இறங்கிடாதா?" மூத்தவளுக்குப் பதில் தெரியவில்லை. சானடோரியத்துக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் இருப்பது ஒரே ஓட்டம். நான் திரும்பி வாயைத் திறப்பதற்குள் தாம்பரம் வந்து, கூட்டம் என்னை இறக்கிவிட்டுவிட்டது.

அந்த நாத்தனாருக்கு வைத்தது நானில்லை. ஆனால் 'லேசாத்தான்மா இருக்கும்' என்கிற வாக்கியம் என்னுடையது. தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் முப்பத்தோரு வருஷம் சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எத்தனை பேருக்குக் காப்பர் டி வைத்திருப்பேன் என்ற கணக்கு என்னிடம் இல்லை, ரெஜிஸ்டரில் இருக்கும். ஒவ்வொருத்திக்கும் அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறேன். அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளத்தான் இந்த மடல்.

முதலில் பொருளைப் பாருங்கள், கர்ப்பம் தரிக்காமல் இருக்கக் கருப்பைக்குள் வைக்கிற பொருள். எந்த நர்ஸிடமும் "காட்டுங்க சிஸ்டர்" என்று கேட்கலாம். சாம்பிள் ஒன்று டிராயரில் கிடக்கும். வெள்ளை பிளாஸ்டிக்கில் ஆங்கில டி எழுத்து. உயரம் 36 மில்லிமீட்டர், இரண்டு கையும் சேர்ந்த அகலம் 32. பக்கத்தில் தீக்குச்சியை வைத்தால் தீக்குச்சிதான் நீளம். நடுத்தண்டில் தாமிரக் கம்பி, நீங்கள் பாபினில் நூல் சுற்றுகிற மாதிரி நெருக்கமாகச் சுற்றியிருக்கும். கைகளில் ஆளுக்கொரு குட்டித் தாமிரக் குழாய். அடியில் இரண்டு மெல்லிய நூல் தொங்கும். 380ஏ என்று பேருக்குப் பின்னால் வருகிறதே, அந்த 380 என்பது தாமிரத்தின் பரப்பு, சதுர மில்லிமீட்டரில். இது பத்து வருஷம் தாங்கும். 375 என்று இன்னொரு வகை அரசு மருத்துவமனைகளில் உண்டு, அதற்கு ஐந்து வருஷம். எதை வைத்தார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் வைத்தபோது கொடுத்த கார்டு தொலைந்து, எது என்று தெரியாமல், எட்டாம் வருஷத்தில் வந்து நிற்பவர்கள் நிறைய.

தாமிரம் ஆணின் விந்தணுவை ஓட விடாது. கரு உண்டாகும் முன்பே தடுத்துவிடுகிறது. உண்டானதைக் கலைக்கிற சாமான் இல்லை. ஹார்மோன் கிடையாது, ஆகவே உடம்பு ஊதியது, முடி கொட்டியது எல்லாவற்றையும் இதன் தலையில் கட்ட முடியாது. ஆயிரம் பேர் போட்டுக்கொண்டால் முதல் வருஷத்தில் சுமார் எட்டுப் பேருக்குத் தவறும். தினம் மாத்திரை விழுங்குகிற முறையில் மறதியையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் தவறுவது இதைவிடப் பல மடங்கு. அப்புறம், மெப்ஸ் கேட்டில் செக்யூரிட்டி தடவும் மெட்டல் டிடெக்டர் இதற்குக் கத்தாது. சிரிக்காதீர்கள், இதைக் கேட்டவர்கள் ஒருவர் இருவரல்ல.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து 12 நாளுக்குள் போனால் வேலை சுலபம்; கர்ப்பம் இல்லை என்பதில் சந்தேகம் வராது. மற்ற நாட்களிலும் வைக்கலாம், சிறுநீர் பரிசோதனை செய்து, நாலு கேள்வி கூடுதலாகக் கேட்பார்கள். அந்தக் கேள்விகளுக்கு வெட்கப்படாமல் பதில் சொல்லுங்கள். நாற்றத்தோடு வெள்ளைப்படுகிறதா, காரணம் தெரியாமல் இடையில் ரத்தம் போகிறதா, கருப்பையில் கட்டி இருப்பதாக ஸ்கேனில் சொன்னார்களா. இதில் ஏதாவது ஒன்றுக்கு 'ஆமாம்' என்றால் முதலில் அதைப் பார்த்துவிட்டுத்தான் மற்றது. ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல்லுங்கள். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. காப்பர் டியோ முதல் சில மாதம் ரத்தப்போக்கைக் கூட்டும். ஏற்கெனவே மாதத்துக்கு ஏழு நாள், கட்டி கட்டியாகப் போகிறவர் என்றால் உங்களுக்கு இது சரிப்படாமல் போகலாம். மிரினா என்று ஹார்மோன் உள்ள வகை ஒன்று உண்டு, அது போக்கைக் குறைக்கும். அதிகப் போக்குக்கு மருந்தாகவே அதை வைக்கிறார்கள். ஆனால் விலை ஆயிரக்கணக்கில். காப்பர் டி அரசு மருத்துவமனையில் இலவசம்.

வெறும் வயிற்றோடு வராதீர்கள். ஆபரேஷன் என்று நினைத்து முதல் நாள் ராத்திரியிலிருந்து பட்டினி கிடந்து வந்து, மேஜையில் மயங்கின பெண்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டு வாருங்கள். மேஜையில் ஏறுமுன் சிறுநீர் கழித்துவிடுங்கள். கூட ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், மாமியாராகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. பக்கத்து மெஷின்காரி போதும், சொல்லப்போனால் அவள்தான் நல்லது.

உள்ளே திரை கட்டியிருக்க வேண்டும். கட்டவில்லை என்றால் கட்டச் சொல்லுங்கள். மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து அகட்டி வைக்கச் சொல்வார்கள். டாக்டரோ பயிற்சி பெற்ற நர்ஸோ கையுறை போட்டு, இரண்டு விரலை உள்ளே விட்டு, மறு கையால் அடிவயிற்றை அழுத்திப் பார்ப்பார். கருப்பை முன்பக்கம் சாய்ந்திருக்கிறதா, பின்பக்கமா என்று தெரிவதற்காக. இதைப் பார்க்காமல் வைத்தால் சுவரில் இடிக்கும்; ஆகவே இந்த அரை நிமிஷத்தை 'சீக்கிரம் முடிங்க' என்று அவசரப்படுத்தாதீர்கள். அடுத்து ஸ்பெகுலம். வாத்தின் அலகு மாதிரி இருக்கும், சில்லென்று உறைக்கும், விரிக்கும்போது இறுக்கம் தெரியும். இடுப்பைத் தூக்கினால் இறுக்கம் கூடும். பிட்டத்தை மேஜையில் கனமாக விட்டால் குறையும். பிறகு பஞ்சில் மருந்து தொட்டுக் கருப்பை வாயைத் துடைப்பார்கள், ஈரம் தவிர ஒன்றும் தெரியாது.

வலி இதற்கு அப்புறம்தான். ஒன்றல்ல, மூன்று.

கருப்பை வாய் அசையாமல் இருக்க ஒரு கவ்வியால் அதன் உதட்டைப் பிடிப்பார்கள். அது முதல் வலி. சுருக்கென்று கிள்ளின மாதிரி. சிலருக்குத் தெரியவே தெரியாது, சிலர் மேஜையில் மேலே நகர்ந்துவிடுவார்கள். அடுத்து, கருப்பையின் ஆழம் பார்க்க ஒரு மெல்லிய கம்பியை உள்ளே விடுவார்கள். அதற்கு 'சவுண்ட்' என்று பேர், சத்தத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்தக் கம்பி உள்வாயைத் தாண்டும்போது அடிவயிற்றில் ஒரு பிடிப்பு, மாதவிடாய் முதல் நாள் வலியைப் பிழிந்து ஒரே இடத்தில் வைத்தது மாதிரி. பெரும்பாலும் ஆறிலிருந்து ஒன்பது சென்டிமீட்டர் காட்டும். அதே அளவை காப்பர் டி இருக்கும் குழாயில் குறித்துக்கொண்டு, குழாயை உள்ளே விட்டு, வெளிக்குழாயை மெதுவாகப் பின்னுக்கு இழுப்பார்கள். டியின் கைகள் உள்ளே விரியும். அது மூன்றாவது வலி. இதில்தான் சிலருக்குக் கண் இருட்டும், வேர்க்கும், வாந்தி வருகிற மாதிரி இருக்கும். கருப்பை வாயைத் தொட்டால் நரம்பு வழியே இதயத்துடிப்பு கொஞ்சம் குறைவதால் வருவது. படுத்தபடியே காலை உயர்த்தி வைத்தால் சில நிமிஷத்தில் தெளிந்துவிடும்.

கடைசியாக நூலை மூன்று நாலு சென்டிமீட்டர் விட்டு நறுக்குவார்கள். கத்தரிச் சத்தம் கேட்டால் முடிந்தது. ஏறிப் படுத்ததிலிருந்து இறங்குகிற வரை பத்து நிமிஷம். அந்த மூன்று வலியும் சேர்ந்தால் இரண்டு நிமிஷம்கூட இல்லை. இரண்டு நிமிஷம்தானே என்று நானும் அந்தக் காலத்தில் நினைத்தேன். படுத்திருப்பவளுக்கு இரண்டு நிமிஷம் என்று யாராவது சொல்லியிருந்தால்தானே அது இரண்டு நிமிஷம்? சொல்லாவிட்டால் எப்போது முடியும் என்றே தெரியாத ஒன்று.

எல்லாருக்கும் ஒரே வலி இல்லை. சுகப்பிரசவம் ஆனவர்களுக்குப் பெரும்பாலும் குறைவு. குழந்தை பெறாதவர்களுக்கும், பிரசவ வலி எடுக்காமலே சிசேரியன் ஆனவர்களுக்கும் கூடுதல், ஏனென்றால் அந்தக் கருப்பை வாய் ஒருமுறைகூடத் திறந்ததில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அப்படியிருக்க 'ரெண்டு பெத்தவதானே, உனக்கென்ன' என்ற எங்கள் பழைய வசனம் இன்றைக்கு எப்படிச் செல்லும்? அந்த ரெண்டையும் அவள் வயிற்றைக் கிழித்துப் பெற்றிருப்பாள்.

வலி மாத்திரையைப் பற்றிக் கேளுங்கள். அல்சர், அலர்ஜி இல்லாதவர்களுக்கு இபுப்ரோஃபென் தருவார்கள்; வைக்கும் நேரத்து வலிக்கு அது பெரிதாக உதவாது, பின்னால் வரும் பிடிப்புக்கு உதவும். கருப்பை வாயை மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின் ஜெல்லோ ஊசியோ உண்டு. 2024-ல் அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு மையமே, வலியைப் பற்றி முன்கூட்டிப் பேசுங்கள், லிக்னோகெயின் உதவக்கூடும் என்று டாக்டர்களுக்கு எழுதிக் கொடுத்தது. அங்கேயும் இத்தனை வருஷம் கழித்துத்தான் சொல்லத் தோன்றியிருக்கிறது, நாங்கள் மட்டும் இல்லை. நம் பக்கத்தில் கேட்டால் எல்லா இடத்திலும் கிடைக்குமென்று உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் நாலு பேர் கேட்டால்தான் ஐந்தாவது ஆளுக்கு வரும். இன்னொன்று: நடுவில் "நிறுத்துங்க" என்று சொன்னால் நிறுத்த வேண்டும். மூச்சு வாங்கிக்கொண்டு தொடரலாம், அல்லது எழுந்து போய்விடலாம். கட்டிப்போட்டு வைக்கிற காரியம் இல்லை இது.

முடிந்ததும் கால்மணி, அரைமணி படுத்திருங்கள். கர்ப்பத்தடை அந்த நிமிஷமே தொடங்கிவிடும். ஒன்றிரண்டு நாள் அடிவயிறு இழுக்கும், சொட்டுச் சொட்டாக ரத்தம் படும்.

அடுத்த மூன்று மாதம், சிலருக்கு ஆறு, போக்கு முன்னைவிட அதிகம். ஒரு நாளோ இரண்டு நாளோ கூடப் போகும், வலியும் கூடும். அந்த நாத்தனார் பட்ட பாடு இதுவாகத்தான் இருக்கும். டார்கெட் ஓடும் லைனில், பாத்ரூம் போய் வர எவ்வளவு நேரம் என்று சூப்பர்வைசர் கடிகாரம் பார்க்கிற இடத்தில், இது சின்ன விஷயமில்லை. முதல் இரண்டு மாதவிடாய்க்குப் பையில் கூடுதலாக நாப்கின், ஒரு மாற்று பேண்ட், டாக்டர் சொன்ன வலி மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் இருக்கட்டும். ஆறு மாதத்துக்கு மேலும் குறையவில்லை என்றால் போய்க் காட்டுங்கள். குடும்பக்கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்டால் இ.எஸ்.ஐ.யில் 14 நாள் முழுச் சம்பளம் தருகிறார்கள். காப்பர் டிக்கு அப்படித் தனி ஏற்பாடு இல்லை. ஆபரேஷனையே எல்லாரும் தேடிப் போவதற்கு இதுவும் ஒரு சின்னக் காரணமோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

நூலைப் பற்றி. ஒவ்வொரு மாதவிடாய்க்குப் பின்னும் கையைச் சுத்தமாகக் கழுவி, குந்தி உட்கார்ந்து, விரலை விட்டுப் பார்த்தால் மீன்பிடி நரம்பு மாதிரி நுனி தட்டும். தட்டினால் போதும், இழுத்துப் பார்க்க வேண்டாம். கணவருக்குக் குத்துகிறது என்றால் நூலை இன்னும் கொஞ்சம் நறுக்கியோ மடித்தோ விடுவார்கள்; நாளாக ஆகத் தானே மிருதுவாகிவிடும். நூலில் என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள், உங்கள் தொழிலில் உள்ளவர்களுக்கு இது சட்டென்று புரியும். 1970-களில் அமெரிக்காவில் டால்கன் ஷீல்டு என்று ஒரு சாதனம் விற்றார்கள். அதன் நூல் பல இழை சேர்ந்து உறை போட்டது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி அந்த இழைகளுக்கு நடுவே கிருமி மேலே ஏறியது. ஆயிரக்கணக்கான பெண்களுக்குக் கருப்பையில் புண், சில பேர் செத்தும் போனார்கள். 1974-ல் அங்கே விற்பனை நின்றது. இப்போதைய காப்பர் டியில் இருப்பது ஒற்றை இழை; திரி வேலை செய்யாது.

இருபது பேரில் ஒருத்திக்குக் காப்பர் டி தானாக இறங்கிவிடும், பெரும்பாலும் முதல் சில மாதத்தில், மாதவிடாயோடு. கவனிக்காமல் நாப்கினோடு சுருட்டிப் போட்டுவிடுவதும் உண்டு. அதனால்தான் நூல் பார்க்கச் சொல்வது. நூல் தட்டவில்லை, அல்லது நூலோடு கெட்டியாக ஏதோ தட்டுகிறது என்றால் போய்க் காட்டும் வரை ஆணுறை. ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வைக்கும்போதே கருப்பைச் சுவரைத் துளைத்து வயிற்றுக்குள் போய்விடுவதும் நடக்கிறது. ஸ்கேனிலோ எக்ஸ்ரேயிலோ கண்டுபிடித்து எடுத்துவிடலாம். நெஞ்சுக்கு ஏறுமாம், மூளைக்குப் போகுமாம் என்பது திண்ணைக் கதை. முதல் மூன்று வாரத்தில் காய்ச்சல், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், நிற்க முடியாத அடிவயிற்று வலி இருந்தால் மறுநாள் ஷிப்டு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மாதவிடாய் தள்ளிப்போனாலும் அப்படித்தான். காப்பர் டி இருக்கும்போது கரு தங்கினால் அது குழாயில் தங்கியிருக்குமோ என்பதை அன்றைக்கே பார்த்தாக வேண்டும். கருப்பைக்குள்தான் தங்கியிருக்கிறது, வேண்டாம் என்றால், கருத்தடை தவறியதையே காரணமாகச் சொல்லி 20 வாரம் வரை கலைக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. 2021 திருத்தத்துக்குப் பிறகு அதில் கல்யாணம் ஆனவள், ஆகாதவள் என்ற பேதம் கிடையாது.

கல்யாணம் ஆகாத தங்கச்சிகள் உங்களில் பாதிப் பேர் இருப்பீர்கள். உங்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன், யாரும் சொல்ல மாட்டார்கள். சென்னையில் மெடிக்கல் ஷாப்பில் அவசரக் கருத்தடை மாத்திரை கேட்டால் பெரும்பாலும் 'இல்லை'தான், கூடவே ஒரு பார்வை. பாதுகாப்பில்லாத உறவு நடந்து ஐந்து நாளுக்குள் காப்பர் டி வைத்தால் அது அந்த மாத்திரையைவிட நன்றாகத் தடுக்கும். குழந்தை பெறாதவர்களுக்கு வைக்கக்கூடாது என்று மருத்துவத்தில் விதி கிடையாது. பால்வினை நோயைத் தடுக்காது, அதற்கு ஆணுறைதான்.

இனி என் பக்கத்துக் கதை.

எங்கள் பெரியம்மா முடிச்சூரில் இருந்தாள். காப்பர் டி என்ற பேரே அவள் வாயில் வராது, 'லூப்பு' என்பாள். அமெரிக்காவில் பஃபலோ ஊர் டாக்டர் ஜாக் லிப்பஸ் 1960-களின் தொடக்கத்தில் கண்டுபிடித்த பிளாஸ்டிக் வளையம் அது, பாம்பு நெளிகிற மாதிரி இருக்கும், தாமிரம் கிடையாது. 1965-ல் இந்திய அரசு அதை நாடு முழுக்கக் கொண்டுவந்தது. ஒரே வருஷத்தில் லட்சக்கணக்கான பெண்களுக்கு வைத்தார்கள். ஆளுக்கு இத்தனை என்று இலக்கு. வைத்தார்கள், போனார்கள். ரத்தம் போகும் என்று யாரும் சொல்லவில்லை, போனபோது திரும்பிப் பார்க்கவும் ஆளில்லை. புற்றுநோய் வரும், ஷாக் அடிக்கும், ஆணும் பெண்ணும் பிரிய முடியாமல் ஒட்டிக்கொள்வார்கள் என்றெல்லாம் கதை பரவியது. இரண்டு மூன்று வருஷத்தில் லூப் படுத்தது, அரசாங்கம் ஆபரேஷன் பக்கம் திரும்பியது. நம் மாநிலம் இன்னும் அங்கேதான் நிற்கிறது: கல்யாணமான பெண்களில் பாதிக்கு மேல் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். பெரியம்மா தன் லூப்பை எட்டாவது மாதம் எடுத்துவிட்டாள். "போகும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தாங்கியிருப்பேன்டி, செத்துடுவேன்னு நெனச்சேன்" என்று, நான் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்தபோது சொன்னாள். கேட்டுக்கொண்டேன். கேட்டும், மறுவாரமே மேஜைப் பக்கம் நின்று 'லேசாத்தான்மா இருக்கும்' என்றேன். வலிக்கும் என்றால் எழுந்து போய்விடுவார்கள், மாதக் கணக்கு குறையும், மீட்டிங்கில் பேர் வாசிப்பார்கள்.

பிரசவ வார்டில் நடந்தது இதைவிட மோசம். குழந்தை பிறந்து 48 மணி நேரத்துக்குள் காப்பர் டி வைக்கும் முறை ஒன்று உண்டு. நல்ல முறை, கருப்பை வாய் திறந்தே இருப்பதால் வலியும் அவ்வளவாகத் தெரியாது, தானாக இறங்குகிற வாய்ப்பு மட்டும் கொஞ்சம் அதிகம். அரசு ஊக்குவித்தது, வைப்பவருக்கு ஒன்றுக்கு 150 ரூபாய் ஊக்கத்தொகையும் வந்தது. மாசமாக இருக்கும்போதே செக்கப்பில் விளக்கி, சம்மதம் கேட்டு, கார்டில் எழுதி வைக்க வேண்டும் என்பது விதி. நடந்தது பல இடத்தில் வேறு. நான் வேலை பார்த்த ஓரிடத்தில், பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பவளிடம் "வச்சுடலாமா?" என்று கேட்டு, அவள் முனகியதைச் சம்மதமாக எழுதிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். சிசேரியனில் அதுகூட இல்லை. வயிற்றைத் தைக்கும் முன் உள்ளே வைத்துவிடுவார்கள். நூல் மேலேயே சுருண்டு கிடக்கும், விரலுக்குத் தட்டாது. அவளுக்கு எப்படித் தெரியும்? இரண்டாவது குழந்தை தங்கவில்லையே என்று கோயில் கோயிலாகச் சுற்றிவிட்டு, ஸ்கேனில் 'உள்ளே காப்பர் டி இருக்கே' என்று கேட்டு விழித்தவளை எனக்குத் தெரியும். மறைமலை நகர்ப் பக்கம், இருபத்தாறு வயசு. அவள் யாரையும் திட்டவில்லை. "அப்ப எம் மேல கொறையில்லதானே சிஸ்டர்?" என்று மட்டும் கேட்டாள். மாமியாருக்குக் காட்ட அதை ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள் என்றாள். எழுதிக் கொடுத்தேன்.

ஆகவே பிரசவம் ஆன தங்கச்சிகள் உங்கள் டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் பாருங்கள். பி.பி.ஐ.யூ.சி.டி. என்று எழுதியிருந்தால் உள்ளே காப்பர் டி இருக்கிறது. நீங்கள் கேட்டு வைத்ததென்றால் மகிழ்ச்சி. இல்லையென்றால் வைத்திருப்பதா எடுப்பதா என்று இப்போதாவது நீங்களே முடிவு செய்யுங்கள். இது புதுப் பேச்சில்லை, 1930-களிலேயே பெரியார் தன் குடி அரசு பத்திரிகையில் கர்ப்பத்தடையைப் பற்றி எழுதினார். ஜனத்தொகை பெருகுகிறது, குடும்பம் வறுமையாகிறது என்று மற்றவர்கள் காரணம் அடுக்கியபோது, பெண் விடுதலைக்காக என்றார் அவர். எங்கள் மீட்டிங்குகளில் ஜனத்தொகைதான் பேசுவோம்.

எடுப்பதில் நான் செய்த தப்பு ஒன்று இருக்கிறது. சிட்லபாக்கத்திலிருந்து வீட்டு வேலை செய்கிற பெண் ஒருத்தி, வைத்த நாலாம் மாதம் வந்து "எடுத்துடுங்க சிஸ்டர்" என்றாள். ஏன் என்றேன். "வேணாம்." அடுத்த மாதம் வரைக்கும் பாரும்மா, சரியாயிடும் என்று அனுப்பினேன். மறுபடி வந்தாள், மறுபடி அனுப்பினேன். மூன்றாவது தடவை டாக்டர் லீவு. ஒவ்வொரு தடவையும் அவளுக்கு ஒரு வீட்டின் சம்பளம் போயிருக்கும். பிறகு வரவில்லை, எங்கேயோ காசு கொடுத்து எடுத்துக்கொண்டாள் என்று தெரிந்தது. அவள் தெருவில் அதற்குப் பிறகு இரண்டு வருஷம் ஒருத்திகூட என்னிடம் காப்பர் டி வைக்கவில்லை. வீடு வீடாகப் போனேன், தண்ணீர் கொடுத்தார்கள், விசாரித்தார்கள், பேச்சை மாற்றினார்கள்.

எடுப்பது ஒரு நிமிஷ வேலை. ஸ்பெகுலம் வைத்து நூலைப் பிடித்து நிதானமாக இழுத்தால் கை இரண்டும் மடங்கி வந்துவிடும். வைத்த வலியில் கால் பங்கு இருக்காது. காரணம் சொல்லத் தேவையில்லை, வைக்கவோ எடுக்கவோ கணவர் கையெழுத்தும் வேண்டாம். எடுத்த மாதமே கரு தங்கலாம், ஆகவே குழந்தை வேண்டாம் என்றால் வேறு ஏற்பாட்டோடு எடுங்கள். எடுக்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பினால், வேறொரு அரசு மருத்துவமனையோ, எழும்பூர் தாய்சேய் மருத்துவமனையோ, பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையமோ, இன்னொரு வாசல் ஏறுங்கள். கார்டை இன்றைக்கே போனில் படம் எடுத்து வையுங்கள்: வைத்த தேதி, வகை, எடுக்க வேண்டிய வருஷம்.

சிவப்பு டிபன் கேரியர் தங்கச்சி, உன் கேள்வி பாக்கி இருக்கிறது. பெடல் மிதிக்கலாம். கருப்பை இருக்கும் இடத்துக்கும் பெடலுக்கும் சம்பந்தமில்லை, பவர் மெஷின் அதிர்வில் இறங்குகிற சாமானும் இல்லை. இறங்குவதென்றால் நீ வீட்டில் படுத்திருந்தாலும் இறங்கும். அன்று சாயங்காலம் வரை ஓய்வெடு. மறுநாள் அடிவயிறு இழுத்தால் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு உட்கார். கொஞ்ச நாளைக்குக் கனமான பண்டல் தூக்க ஹெல்பரைக் கூப்பிடு, காப்பர் டிக்காக இல்லை, இடுப்பு வலிக்கும், அதனால். ஷிப்டு முடிந்தால் சானடோரியம் ஸ்டேஷன் படியையும் தாராளமாக ஏறலாம்.

அன்புடன்,
சேலையூரிலிருந்து,
ஓய்வு பெற்ற ஒரு சுகாதார செவிலியர்